விளம்பரமும் வாங்கும் பழக்கமும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சி நடத்துகிறேன். பத்திரிகையில் இடம் புக் செய்வது, பிட் நோட்டீஸ், தியேட்டர் ஸ்லைடு, ஆட்டோ முதுகில் ஒட்டும் ஸ்டிக்கர் வரை எல்லாம் உண்டு. காலேஜ் புராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகள், செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்கள், பக்கத்து வீட்டு அக்கா என்று ஆள் மாறுகிறதே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை வைத்துப் பதிலை எழுதிவிட்டேன். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. எண்ணைப் பார்த்துப் பின்னால் போய்க்கொள்ளுங்கள்.

1. அந்தக் காலத்துலயே தண்டோரா போட்டாங்களே, அதுவும் விளம்பரம்தானுங்களே? இதுல புதுசா என்ன இருக்கு?

தண்டோரா தகவல் சொன்னது. ஏலம் எப்போது, வரி கட்டக் கடைசி நாள் எது என்பதோடு அதன் வேலை முடிந்தது. சொன்னவரும் கேட்டவரும் ஒரே ஊர்க்காரர்கள். இன்று விளம்பரம் என்று நாம் சொல்வது வேறு: எங்கோ இருக்கும் கம்பெனி, முகமே தெரியாத ஆளிடம், நடுவில் நிற்கும் கடைக்காரரைத் தாண்டி நேராகப் பேசுகிறது.

அப்படிப் பேச வேண்டுமானால் பொருளுக்கு முதலில் ஒரு பெயரும் உறையும் வேண்டும். இங்கிலாந்தில் சோப்பு நீளக் கட்டியாக மளிகைக்கடைக்கு வரும். கடைக்காரர் வெட்டி எடை போட்டுக் கொடுப்பார். எது நல்ல சோப்பு என்பதற்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி. 1884-இல் லீவர் சகோதரர்கள் 'சன்லைட்' என்று பெயரிட்டு, ஒரே அளவுக் கட்டிகளாக உறை போட்டு விற்றார்கள். அப்புறம் "சோப்பு கொடுங்க" என்பது போய் "சன்லைட் கொடுங்க" என்று ஆனது. நம் லீ பஜாரில் இன்றும் பருப்பை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, ஊதிப் பார்த்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பாக்கெட்டில் அந்தச் சோதனைக்கு வழியில்லை. அந்த இடத்தில்தான் விளம்பரம் வந்து உட்கார்ந்தது.

2. எந்த நாட்டுல, எப்போ ஆரம்பிச்சது?

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். இயந்திரம் சரக்கைக் குவித்தது, ரயில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது, பத்திரிகை மலிவானது. பிரிட்டனில் பத்திரிகை விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் அரசாங்கம் வரி வாங்கிக்கொண்டிருந்தது. அது 1853-இல் நீங்கியது, பத்திரிகை முத்திரை வரி 1855-இல் போனது. அதன்பிறகு பத்திரிகைகளுக்கு விளம்பரம் சோறு போட ஆரம்பித்தது.

அமெரிக்காவில் 1840-களில் பிலடெல்பியாவைச் சேர்ந்த வால்னி பால்மர் விளம்பர ஏஜென்ட் வேலையைத் தொடங்கினார். அவர் விளம்பரம் எழுதவில்லை. பத்திரிகையில் இடம் பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்கினார். (என் தொழிலும் பாதிக்கு மேல் அதுதான்.) வாசகம் எழுதுவது, படம் வரைவது எல்லாம் பின்னால் சேர்ந்தவை. 1886-இல் மில்லே என்ற பெயர்பெற்ற ஓவியர் சோப்புக் குமிழி ஊதும் சிறுவனை வரைந்தார். பியர்ஸ் சோப்புக்காரர்கள் அந்தப் படத்தின் உரிமையை வாங்கி, அதில் ஒரு சோப்புக் கட்டியைச் சேர்த்து விளம்பரமாக்கினார்கள். அதற்காக ஓவியர் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

3. விளம்பரம் சரி. வாங்கறதுக்கு ஜனங்க கையில காசு எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. ஃபோர்டு 1908-இல் 'மாடல் டி' காரைச் சுமார் 850 டாலருக்கு விட்டார். 1913-இல் நகரும் பட்டறை வரிசை (கார் நகர்ந்து வர, ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகம் பூட்டும் முறை) வந்ததும் ஒரு கார் தயாராகும் நேரம் சுருங்கியது. 1920-களில் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1914-இல் தொழிலாளியின் நாள் வருமானத்தை 5 டாலராக உயர்த்தினார். வேலையை விட்டு ஓடுபவர்களைப் பிடித்து வைக்கத்தான் அதைச் செய்தார். ஆனால் தொழிலாளியே கார் வாங்கும் நிலை அதோடு சேர்ந்து வந்தது.

அப்புறம் ஒரு சிக்கல். எல்லோரிடமும் கார் இருந்தால் அடுத்த காரை யாருக்கு விற்பது? ஜெனரல் மோட்டார்ஸ் வருஷத்துக்கு ஒரு புது மாடல், கலர் கலராக விட்டது. 1919-இலேயே கடன் கொடுக்கத் தனிக் கம்பெனியும் தொடங்கியிருந்தது. நன்றாக ஓடும் காரை வைத்திருப்பவரையும் 'பழசு வைத்திருக்கிறோமே' என்று நினைக்க வைத்தார்கள். வருஷா வருஷம் கேமரா இடத்தை மாற்றிப் போன் விடுவது இதே வித்தைதான்.

4. எங்க தாத்தா பேரம் பேசாம ஒரு துண்டுகூட வாங்க மாட்டாரு. இந்த 'ஒரே விலை' எப்போ வந்ததுங்க?

பெரிய அளவில் நடத்திக்காட்டியது பாரிஸில் இருந்த 'போன் மார்ஷே' கடை. அரிஸ்டீட் பூசிகோ என்பவர் 1852-இல் அதில் பங்குதாரராகச் சேர்ந்தார். விலைச்சீட்டு, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம், வாங்காமலேயே சுற்றிப் பார்க்கலாம் என்று வைத்தார். மூன்றாவதுதான் பெரிய மாற்றம். அதுவரை கடைக்குள் கால் வைத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கூச்சம் இருந்தது. சும்மா பார்க்க வந்தவர்தான் பட்டியலில் இல்லாததை வாங்கிக்கொண்டு போவார்.

இந்தியாவில் பாக்கெட் சரக்கின் மேல் எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலையை அச்சிடுவது 1990-இல் வந்த விதி. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்சவரம்பு மட்டும்தான். பொருளின் மதிப்பு அவ்வளவு என்று அரசாங்கம் சான்று கொடுக்கவில்லை. கம்பெனிக்காரர் தாமே போட்டுக்கொள்வது. 12-ஆம் கேள்விக்கு இது தேவைப்படும்.

5. நம்ம நாட்டுக்கு யார் கொண்டுவந்தாங்க?

1780-இல் கல்கத்தாவில் ஹிக்கி நடத்திய பத்திரிகையிலேயே விளம்பரங்கள் இருந்தன. 1888-இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்துக்கு வந்துவிட்டன. பம்பாயில் தத்தாராம் கம்பெனி 1905-இல் தொடங்கியது. முதல் இந்திய ஏஜென்சி என்று அதைத்தான் சொல்வார்கள். ஜே. வால்டர் தாம்ஸன் என்ற அமெரிக்க ஏஜென்சி 1929-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வேலைக்காக பம்பாய்க்கு வந்தது. லிண்டாஸ் ஏஜென்சி வந்தது 1939-இல்.

தமிழில் எஸ்.எஸ். வாசனைச் சொல்லாமல் முடியாது. விளம்பரம் பிடிப்பதும் தபால் மூலம் சாமான் விற்பதுமாகத் தொடங்கியவர், 1928-இல் ஆனந்த விகடனை வாங்கினார். வாசகர் எதற்கு ஏங்குவார், எதற்கு நாலணா செலவழிப்பார் என்பது அவருக்கு வியாபாரத்திலேயே பிடிபட்டிருந்தது. சுதேசி இயக்கத்தையும் மறக்கக்கூடாது. 1905-க்குப் பிறகு 'இது நம் நாட்டுச் சரக்கு' என்பதே பெரிய விற்பனை வாசகமானது. தீப்பெட்டி முதல் துணி வரை தேசபக்தியைச் சொல்லி விற்றார்கள். அந்த வாசகம் இன்றும் ஓய்வெடுக்கவில்லை.

6. எங்க கொள்ளுப்பாட்டி காலத்துல வீட்டுல காபியே இல்லைன்னு சொல்றாங்க. பக்கத்துல ஏற்காட்டுலயே விளையுதே, எப்படி?

நிஜம்தான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சேர்வராயன் மலையில் காபிச் செடி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். ஆனால் எஸ்டேட்டில் விளைந்தது கப்பலேறத்தான். மலையில் பழம் பறித்தவர்களும் அடிவாரத்தில் மூட்டை தூக்கியவர்களும் நீராகாரமும் கூழும் குடித்துக்கொண்டிருந்தார்கள். விளைவது இங்கே, குடிப்பது அங்கே.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டணத்துப் படித்த வீடுகளிலும் 'காபி கிளப்' என்ற ஓட்டல்களிலும் காபி மெல்ல நுழைந்தது. பெரியவர்கள் இது உடம்புக்கு ஆகாது, பழைய சோற்றைக் கெடுத்துவிட்டது என்று எதிர்த்தார்கள். பிறகு உலகப் பொருளாதார மந்தம். வெளிநாட்டில் விலை விழுந்ததும் தோட்டக்காரர்கள் உள்நாட்டை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்கள். 1935-இல் காபி செஸ் (தனி வரி) கமிட்டி; 1936-இல் அதன் சார்பில் பம்பாயில் இந்தியா காபி ஹவுஸ். போர் வந்து கப்பல் நின்றதும் காபி போர்டு சட்டம், 1942. எந்தக் கம்பெனியின் காபியைக் குடியுங்கள் என்று இந்த அமைப்புகள் சொல்லவில்லை; காபி குடியுங்கள் என்றுதான் சொன்னன. தேயிலைக்காரர்கள் இன்னும் முன்னதாகவே இறங்கியிருந்தார்கள். 1903-லேயே தேயிலைக்கு செஸ் வந்துவிட்டது. அந்தப் பணத்தில் சந்தையிலும் திருவிழாவிலும் இலவசமாக டீ போட்டுக் கொடுத்தார்கள். டீ எப்படிப் போடுவது என்று படம் போட்ட எனாமல் பலகையை ரயில் நிலையங்களில் மாட்டினார்கள்.

பழக்கம் வேரூன்றிய பிறகுதான் பெயர்களுக்கு இடையே போட்டி. சேலத்தில் 1926-இல் தொடங்கிய நரசுஸ் காபிக்குத் தமிழ்நாடு முழுக்க "பேஷ் பேஷ்" என்று டிவியில் கிடைத்த பேர், அதற்கு அரை நூற்றாண்டு முன்னால் யார் யாரோ செய்துவைத்த உழவின் மேல் முளைத்ததுதான். காலையில் டம்ளரையும் டவராவையும் எடுக்கும்போது 'இது நம் பாரம்பரியம்' என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். தொடங்கி வைத்ததில் ஒரு செஸ் கமிட்டிக்கும் பங்கு உண்டு, அவ்வளவுதான்.

7. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊரு நம்மது. சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தம் இருக்குங்களா?

இல்லாமலா? 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. ஏற்காடு ரோட்டில் அதன் வளைவு இன்னும் நிற்கிறது. படம் வந்தால் ஜட்கா வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, முன்னால் பேண்டு வாத்தியம் அடித்துக்கொண்டு, ரோஸ், மஞ்சள் காகிதத்தில் நோட்டீசை வீசிக்கொண்டே போவார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடும்.

எனக்குப் பாட்டுப் புத்தகம்தான் பெரிய பாடம். நாலைந்து காகிதத்தை மடித்துப் பின் அடித்திருப்பார்கள். முதலில் கதைச் சுருக்கம்: கதாநாயகி காட்டில் தொலைந்து, வில்லன் வாளை உருவியிருப்பான், அங்கே நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. பின்னட்டையில் ஏதாவது ஒரு தைலமோ பல்பொடியோ. இந்தக் காலத்து டீசர்களை எழுதுபவர்கள் அதைவிட நன்றாக நிறுத்தி நான் பார்த்ததில்லை. நட்சத்திரத்தை வைத்துச் சோப்பு விற்பதும் பழையதுதான்: 1941-இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் விளம்பரத்தில் வந்துவிட்டார்.

8. ரேடியோ, டிவியில விளம்பரம் எப்போ வந்தது?

தேதியைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் 1922-இல் வானொலியில் காசு கொடுத்து அடுக்குமாடி வீட்டுக்கு விளம்பரம். 1941-இல் டிவியில் புலோவா கடிகாரம். இங்கே விவித பாரதியில் 1967, தூர்தர்ஷனில் 1976. அதற்கு முன்பே இலங்கை வானொலியின் வழியாகப் பல்பொடி விளம்பரங்கள் நம் ஊர் டீக்கடைகளில் மனப்பாடமாகியிருந்தன.

9. நமக்குத் தேவையே இல்லாததைக்கூட விளம்பரம் வாங்க வெச்சிருமா?

பாதி ஆமாம். லிஸ்டரின் 19-ஆம் நூற்றாண்டில் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினி. 1920-களில் அதன் கம்பெனி வாய் நாற்றத்துக்கு மருத்துவப் பேர் மாதிரி ஒரு சொல்லைப் பிரபலப்படுத்தி, 'உங்களுக்கு இருக்கலாம், நண்பர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள்' என்ற பயத்தைக் கிளப்பியது. விற்பனை எகிறியது. 1929-இல் எட்வர்ட் பெர்னேஸ் என்ற பிரசார நிபுணர் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பிடித்தபடி நடக்க வைத்தார். 'சுதந்திரச் சுடர்' என்று அதற்குப் பெயர். பணம் கொடுத்தது சிகரெட் கம்பெனி. பத்திரிகைகள் அதைச் செய்தியாகவே போட்டன. விளம்பரம் என்று தெரியாத விளம்பரத்துக்குத்தான் வலு அதிகம்.

மீதிப் பாதி இல்லை. ஃபோர்டு 1957-இல் ஏகப்பட்ட விளம்பரத்தோடு எட்ஸல் காரை விட்டது, 1959-இல் மூடிவிட்டார்கள். 1985-இல் கோக் சுவையை மாற்றியது. மூன்று மாதத்துக்குள் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஏற்கெனவே இருக்கும் பயம், கூச்சம், ஆசையைத் தொட்டால் வேலை செய்யும். இல்லாததை உண்டாக்குவது கஷ்டம்.

10. எங்கம்மா பித்தளைப் பாத்திரத்தை எல்லாம் போட்டுட்டு எவர்சில்வர் வாங்கினாங்க. அதுவும் விளம்பரத்துல மயங்கித்தானா?

இல்லை, உங்கள் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், அவ்வப்போது ஈயம் பூச வேண்டும். எவர்சில்வருக்கு இரண்டும் வேண்டாம். அந்த வேலை யார் தலையில் இருந்தது என்று யோசித்தால் காரணம் புரியும்.

பாத்திரத்துக்குப் பெரிய விளம்பரம் எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு அலமாரிதான் விளம்பரம். ஜரிகைப் பட்டுச்சேலையைக் கொடுத்தால் பாத்திரம் என்று தெருவில் வந்தார்கள். கல்யாணத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் கடையிலேயே 'டிர்ர்ர்' என்று மிஷினை வைத்துப் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிக் கொடுப்பார்கள். யார் கொடுத்தது என்று நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் குடம் சொல்லும். 1980-களின் தொடக்கத்தில் நம் இரும்பாலையில் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டத் தொடங்கியதும் 'சேலம் ஸ்டீல்' என்பதே தரத்துக்குப் பேரானது. எல்லா வாங்குதலையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதுபவர்களுக்கு நான் காட்டுவது எவர்சில்வரைத்தான்.

11. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் நமக்கு லாபமா, கம்பெனிக்கு லாபமா?

இந்தக் குட்டிப் பாக்கெட் வித்தையில் தமிழ்நாடுதான் முன்னோடி. கடலூரில் சின்னிகிருஷ்ணன் செய்துகாட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பு தொடங்கி அதைக் கிராமம் வரை கொண்டுபோனார். பாட்டிலுக்குக் காசு இல்லாதவர் சீயக்காயோடு நின்றிருந்தார். பாக்கெட் அவரை உள்ளே இழுத்தது. இதுவும் 6-ஆம் கேள்வியின் கதைதான், முதலில் பழக்கம்.

லாபக் கணக்கு வேடிக்கையானது. பல சமயம் மில்லிக்கு மில்லி பாட்டிலைவிடப் பாக்கெட்டே மலிவு. பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று இப்போது பெரும்பாலான பாக்கெட்டுகளிலேயே அச்சிட்டிருக்கும். நஷ்டம் வேறு இடத்தில். பல அடுக்கு ஒட்டிய அந்தத் தாளைப் பழைய சாமான்காரர்கூட வாங்க மாட்டார். ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பாருங்கள். 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் கேரி பேக், கப் எல்லாம் தடை. கம்பெனிப் பாக்கெட் தாளோ ஓடையில் கிடக்கிறது.

12. ஆடித் தள்ளுபடி நிஜமான தள்ளுபடிதானுங்களா?

வருஷா வருஷம் ஆனி மாதக் கடைசியில் இந்தக் கேள்வி வரும். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் ஜவுளியும் நகையும் படுத்துவிடும். தீபாவளிச் சரக்கு வருவதற்கு முன் பழைய சரக்கைத் தள்ளவும் வேண்டும். காரணம் உண்மையானது. நம் ஊரில் ஆடி வெறும் மாதமும் அல்ல. ஆடி ஒண்ணாம் தேதி தேங்காயில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் அடைத்து, அழிஞ்சில் குச்சியில் செருகி வாசலில் சுடுவோம்; தலை ஆடிக்கு மாப்பிள்ளை அழைப்பு; கோட்டை மாரியம்மன் திருவிழா; பதினெட்டுக்கு மேட்டூர். ஊரே கடைவீதியில் இருக்கும் மாதத்தில்தான் 'மந்த மாதம்' என்று போர்டு வைக்கிறோம்.

உள்ளே இருக்கும் சூட்சுமம் இரண்டு. ஒன்று, '50% வரை' என்பதில் 'வரை' மட்டும் எறும்பு சைஸில் இருக்கும். ஐம்பது சதவீதம் ஒரு மூலையில் தொங்கும் நாலு சட்டைக்கு. மற்றொன்று, தள்ளுபடிக்கென்றே தனியாக வரவழைத்த சரக்கு. அதன்மேல் போட்டிருக்கும் விலைக்கு அது எந்த நாளும் விற்றிருக்காது. எம்.ஆர்.பி. பற்றி 4-இல் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். வைகாசியிலேயே வேண்டிய துணியின் விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆடியில் போகிறவருக்கு நிஜத் தள்ளுபடி கிடைக்கும். கடைக்காரர்களே தங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வாங்குகிறார்கள்.

13. அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்கணும்னு சாஸ்திரத்துல இருக்கா?

அந்த நாள் பழையது. தானம், பூஜைக்கு உகந்த நாள் என்றுதான் சொல்லிவந்தார்கள். விடியற்காலையில் நகைக்கடை வாசலில் டோக்கனோடு நிற்பது கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம். யார் பரப்பினார்கள் என்பதற்குப் பத்திரிகையின் முதல் பக்கத்தைப் பார்த்தால் போதும்.

14. நகைச்சீட்டு ஏன் எல்லாக் கடையிலயும் பதினோரு மாசம்? வட்டியில்லாத் தவணைன்னா நிஜமாவே வட்டி இல்லையா?

தவணை அமெரிக்காவில் சிங்கர் தையல் மிஷினுக்கு 1856-லேயே உண்டு. நம் தெருக்களில் துணியும் பாத்திரமும் தவணைக்காரர் தோளில் வந்தன. நகைச்சீட்டு அதற்கு நேர்மாறு: முதலில் நீங்கள் கட்டுகிறீர்கள், பிறகுதான் பொருள். கம்பெனிகளுக்கான 2014 விதிப்படி, சரக்குக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்காகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் அது 'டெபாசிட்' கணக்கில் வந்துவிடும். அதற்குக் கெடுபிடி அதிகம். அதனால்தான் பதினொன்றில் நிறுத்துகிறார்கள். செய்கூலி, சேதாரம் எதில் தள்ளுபடி, எந்த நகைக்குத் தள்ளுபடி இல்லை என்று அட்டையின் பின்பக்கத்தை முதல் தவணைக்கு முன்பே படியுங்கள்.

வட்டியில்லாத் தவணையில் வட்டியை யாரோ கட்டுகிறார்கள். பெரும்பாலும் கடைக்காரரோ கம்பெனியோ அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ரொக்கத்துக்கு வாங்கினால் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி அது. கிரெடிட் கார்டில் அந்த வட்டியின் மேல் 18% ஜி.எஸ்.டி. தனியாக வரும். இந்தப் பூச்சிய வட்டியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளைக் கண்டித்தது. அதன்பிறகு பேர் மாறி வந்தது.

15. கொலுசு, ஜவ்வரிசி, வெண்பட்டு எல்லாம் சேலத்துல. ஆனா பெரிய பிராண்டு ஏன் நம்மகிட்ட இல்லை?

1-இல் சொன்னதன் மறுபக்கம் இது. பாக்கெட்டில் யார் பேர் இருக்கிறதோ அவருக்குத்தான் வாடிக்கையாளர் சொந்தம். ஜவ்வரிசி மூட்டையாகத்தான் போகிறது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் ஏலத்துக்கு வழி செய்தது. பெரிய சந்தை மகாராஷ்டிரம் போன்ற இடங்கள். அங்கே விரத நாளில் அதுதான் சாப்பாடு. அங்கே போய் அரைக் கிலோப் பாக்கெட் ஆகும்போது வேறொருவர் பேர் ஏறிவிடும். கொலுசும் அப்படியே. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்ன வீட்டுத் திண்ணையில் ஊதுகுழலும் பொடியுமாக உட்கார்ந்து, கண்ணி கண்ணியாகப் பற்றவைத்துக் கோத்துக் கொடுக்கிறவர் பேர், அதை வெல்வெட் பெட்டியில் வாங்குபவருக்குத் தெரியாது.

சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஜவ்வரிசிக்கு 2023-இல் கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை சேலம் என்று சொல்லி விற்பதைத் தடுக்க அது உதவும். ஆனால் சான்றிதழ் தானாக விற்காது. அந்தப் பேரைப் பாக்கெட்டில் போட்டு வடக்கே கொண்டுபோக ஆள் வேண்டும், பல வருஷத்துக்குப் பணமும் வேண்டும்.

16. பொய் விளம்பரத்துல ஏமாந்தா யாருகிட்ட போறது? நடிகர் சொன்னதாலதான் வாங்கினேன், அவரைக் கேக்க முடியாதா?

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பாதி விஷயம் அங்கேயே முடியும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் சேலத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் வேண்டும், விளம்பரத்தை போட்டோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

2019 சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். நடிகருக்கும் அபராதம் உண்டு. ஒரு வருஷம், மீண்டும் செய்தால் மூன்று வருஷம் வரை விளம்பரத்தில் வரத் தடை விதிக்கலாம். சரிபார்த்துவிட்டுத்தான் நடித்தேன் என்று காட்டினால் தப்பிப்பார். பழைய பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'சர்க்கரை நோய் அடியோடு குணம்', 'உயரம் கூடும்' என்று ஒட்டுகிறார்களே, அது 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். இரண்டும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பேர் சொல்லி இருக்கின்றன. அந்த மாதிரி நோட்டீஸ் கேட்டு வந்தால் நான் எடுப்பதில்லை. எடுக்கிற அச்சகம் எப்போதும் ஒன்று இருக்கிறது.

17. ஏற்காடு போலாமான்னு வீட்டுல பேசிட்டிருந்தோம், உடனே போன்ல ரிசார்ட் விளம்பரம் வருது. ஒட்டுக் கேக்குதா?

ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லை, அதுதான் விஷயம். வீட்டில் யாரோ ஒருவர் ஏற்காட்டு வானிலையைத் தேடியிருப்பார், எல்லோரும் ஒரே வைஃபை, மே மாதம், போன வருஷமும் இதே சமயம் அஸ்தம்பட்டியைத் தாண்டி மேலே போயிருக்கிறீர்கள். இவ்வளவு தெரிந்தால் உங்கள் பேச்சு எதற்கு? நீங்கள் பக்கத்தைத் திறக்கும் அந்த நொடிக்குள் அந்த இடத்துக்கு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. 2-இல் சொன்ன பால்மர் விற்றது பத்திரிகையில் இடத்தை. இவர்கள் விற்பது உங்களை, ஆள் பார்த்து.

ரூம் புக் செய்யும்போது 'இன்னும் ஒரு ரூம்தான்', 'இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்' என்று துரத்தினால் நிதானியுங்கள். போலி அவசரம், கேட்காமலேயே கூடையில் இன்ஷூரன்ஸ் சேர்ப்பது, 'வேண்டாம், எனக்குப் பணம் மிச்சமாக வேண்டாம்' என்று பட்டன் வைத்துக் கூச்சப்படுத்துவது எல்லாம் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதலில் தடை செய்த 13 தந்திரங்களுக்குள் வருகின்றன. புகார் எண் மேலேயே இருக்கிறது.

18. விளம்பரத்தையே தடை பண்ணிட்டா பொருள் விலை குறையுமில்லீங்களா?

எல்லோரும் குறையும் என்றுதான் நினைக்கிறோம். அமெரிக்காவில் சில மாநிலங்களில் மூக்குக் கண்ணாடிக்கு விளம்பரம் கூடாது என்று சட்டம் இருந்தது. லீ பென்ஹாம் என்ற பொருளாதார அறிஞர் 1972-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்: தடை இருந்த மாநிலங்களில்தான் விலை கணிசமாக அதிகம். எந்தக் கடையில் மலிவு என்று சொல்லவே வழியில்லாததால் கடைக்காரர்களுக்குப் போட்டி இல்லை.

சோப்புத் தூளை எடுத்தால் இரண்டும் தெரியும். 1969-இல் கர்சன்பாய் படேல் அகமதாபாத்தில் நிர்மாவை வீடு வீடாக விற்றபோது விலை சர்ஃபில் கால் பங்கு போலத்தான். பின்னால் அவரும் விளம்பரத்தில் இறங்கினார். மலிவு விலை நாடு முழுக்கத் தெரிந்தது அதனால்தான். பதிலுக்கு சர்ஃப் தன் விளம்பரத்தில் லலிதாஜி என்ற இல்லத்தரசியை நிறுத்தி, மலிவு வேறு, நல்லதாகப் பார்த்து வாங்குவது வேறு என்று பேச வைத்தது. 1987-இல் அதே கம்பெனி மலிவு விலையில் வீல் தூளையும் விட்டது. விலையைச் சொல்லும் விளம்பரம் விலையைக் குறைக்கும். கௌரவத்தைச் சொல்லும் விளம்பரம் ஏற்றும். எங்கள் ஆபீசில் புக் ஆகும் விளம்பரங்களில் மளிகை, காய்கறி, பர்னிச்சர்காரர்கள் விலையைப் போடச் சொல்வார்கள். பள்ளிக்கூடம், வீட்டுமனை, நகைக்காரர்கள் விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போடச் சொல்வார்கள்.